5 நொடிக்காக 500 மைல்

ரொம்ப நாள் கழிச்சு ஒரு பதிவு. ஆபீஸ்ல ஆணி அதிகம், வீட்டுல அதைவிட அதிகம். போன வாரம் சும்மா மொக்கையா நாலு வரி எழுதிப் போட்டேன். "மார்ச் மாசம் குடும்பத்தோட டிராக் ரேஸ் பார்க்க ஃபமோசோ போறோம். வழியில எங்க நிறுத்திச் சாப்பிடலாம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க மக்கா." அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு வழி சொன்னது ஒரே ஒருத்தர். மத்தவங்க எல்லாம் எனக்கு வாழ்க்கைக்கே வழி சொல்லியிருந்தாங்க!

வந்த பின்னூட்டங்களை மூணு ரகமாப் பிரிக்கலாம்.

ஒண்ணு: "ரெண்டு வண்டி நேரா ஓடுறதைப் பார்க்க 500 மைலா? உங்க வீட்டு மாடியில நின்னா ஃப்ரீவேல ஆயிரம் வண்டி நேராத்தானே ஓடுது?" :-)

ரெண்டு: "உலகமே சூடாகிட்டு இருக்கு, நீங்க பெட்ரோலை எரிச்சு வேடிக்கை பார்க்கப் போறீங்க."

மூணாவது, நான் மதிக்கிற ஒரு அண்ணாச்சி எழுதினது: "நம்ம ஊர்ல பைக் ரேஸ் விடுற பொறுக்கிப் பசங்களைப் பிடிச்சு முட்டிக்கு முட்டி தட்டணும்னு நான் எழுதிட்டு இருக்கேன். நீங்க பெத்த பையனையே கூட்டிட்டுப் போய் ட்ரெய்னிங் குடுக்குறீங்க."

முதல் ரெண்டுக்கும் சிரிச்சுட்டுப் போயிருப்பேன். மூணாவது நாலு நாளா தூங்க விடலை. அதனால இது எதிர்வினைப் பதிவு. கொஞ்சம் நீளம், கொஞ்சம் கோபம். பொறுத்துக்குங்க.

முதல்ல போற இடத்தைச் சொல்லிடுறேன். கலிஃபோர்னியாவோட நடுப் பள்ளத்தாக்குல, பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு வடக்கே 20 மைல் போல தள்ளி ஃபமோசோ. ரெண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்துல ஆரம்பிச்ச பந்தயத் தளம். 1959-ல இருந்து 'மார்ச் மீட்'னு ஒரு வாரக்கடைசித் திருவிழா அங்க நடந்துட்டு வருது. பழைய பாணி வண்டிகள், முன்னாடி என்ஜினும் பின்னாடி ஆளும் உட்கார்ந்த நீள டிராக்ஸ்டர்கள், நைட்ரோமீத்தேன் எரிபொருள். கால் மைல், அதாவது 402 மீட்டர். நின்ன இடத்துல இருந்து கிளம்பி 5 நொடி சொச்சத்துல முடிச்சுடும். கடைசிக் கோட்டைத் தாண்டுறப்ப 250 மைல் வேகம்.

நாங்க இருக்கிற ஃப்ரீமாண்டுல இருந்து 580 பிடிச்சு, ஐ-5ல இறங்கி, தெற்கே நேரா லாஸ்ட் ஹில்ஸ். அங்க இருந்து 46-ல கிழக்கே திரும்பி வாஸ்கோ வழியா போனா ஃபமோசோ. 240 மைல் வரும். நாலு மணி நேரம்னு போட்டிருக்கேன், தங்கமணி கணக்குல ஆறு. மழை வந்தா ஓட்டம் நின்னுடும், ஈரத் தளத்துல அந்த வழவழ டயர் பிடிக்காது. அதனால வெள்ளி சாயங்காலமே கிளம்பி ரெண்டு ராத்திரி பேக்கர்ஸ்ஃபீல்டுல அறை. மடக்கு நாற்காலி, குடை, எலுமிச்சை சாதம், தயிர்சாதம். எல்லாத்துக்கும் மேல, ஆளுக்கு ஒரு ஜோடி காது அடைப்பான், அதுக்கு மேல காதுமூடி. அந்தச் சத்தத்தைக் காதால மட்டும் கேட்க முடியாது, நெஞ்சுக்கூடே அதிரும்னு போயிட்டு வந்தவங்க சொல்றாங்க.

இப்ப முதல் கேள்வி. நேரா ஓட்டுறதுல என்ன இருக்கு?

கோட்டுல ரெண்டு வண்டி நிக்கும். நடுவுல ஒரு கம்பத்துல விளக்குகள், 'கிறிஸ்துமஸ் மரம்'னு பேரு, 1963-ல வந்தது. மஞ்சள் எரிஞ்சு பச்சை வரும். பச்சைக்கு முன்னாடி நகர்ந்தா சிவப்பு, ஆட்டம் காலி. பச்சையைப் பார்த்துட்டுக் கால் வச்சா லேட்டு. இந்தக் கண்ணிமைக்கிற நேரத்துல பந்தயத்துல பாதி முடிஞ்சுடும்.

எனக்கு அதைவிடப் பிடிச்சது 'பிராக்கெட்' பந்தயம். உன் வண்டி எத்தனை நொடியில ஓடும்னு நீயே முன்கூட்டிச் சொல்லிக் கண்ணாடியில எழுதணும். என் பழைய கேம்ரி 16.50, உங்க மஸ்டாங் 12.50ன்னு வைங்க. எனக்கு 4 நொடி முன்னாடியே பச்சை விழும். அப்புறம் நீங்க துரத்திட்டு வரணும். இதுல ஒரு பிடி இருக்கு. நீ எழுதினதைவிட வேகமா ஓடிட்டா நீ தோத்துடுவே. அதாவது உன்னைப் பத்தி நீ உண்மை பேசியிருக்கணும். வேகத்துக்கு இப்படி ஒரு விதி போட்டவன் சாதாரண ஆள் இல்லை. 16 வயசுப் பையனுக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் பெற்றோர் வகுப்புல சொல்லித் தர்றாங்க?

ரெண்டாவது கேள்வி, பெட்ரோல். இங்க நான் மழுப்ப மாட்டேன். இன்னைக்குப் பெரிய போட்டிகள்ல ஓடுற டாப் ஃப்யூயல் வண்டி ஒரு ஓட்டத்துக்கு 15 கேலன் வாக்கில எரிக்குது. நான் குடும்பத்தோட போயிட்டு வர 480 மைலுக்கே 16 கேலன்தான். பூமிக்கு நல்லதுன்னு நான் சொல்லலை. ஆனா வந்திருக்கிற கூட்டம் அத்தனையும் கார்ல வந்துட்டுப் போற பெட்ரோலுக்கு முன்னாடி அந்த ரெண்டு வண்டி ஓடுறது கொசுறு. கிரிக்கெட்டுக்கும் அதே கணக்குதான், கோவில் கும்பாபிஷேகத்துக்கும் அதேதான். வருஷா வருஷம் நீங்க சென்னைக்குப் பறக்கிறதை நான் கேட்கலை. நீங்களும் இதைக் கேட்காதீங்க, தீர்ந்தது.

சரி, அண்ணாச்சிக்கு வர்றேன்.

அண்ணாச்சி, கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். என் சித்தி பையன். பேர் வேண்டாம். 2007-ல அவனுக்கு என்ஜினியரிங் சீட் கிடைச்சப்ப இங்க இருந்து நான்தான் பணம் அனுப்பினேன். 150 சிசி பைக். பைக்கோட நின்னு எடுத்த படத்தை மெயில்ல அனுப்பியிருந்தான், சிரிப்பு காது வரைக்கும் இருக்கும்.

2009 ஆகஸ்ட்ல ஒரு ஞாயித்துக்கிழமை, விடியகாலை அஞ்சரை மணி. ஈசிஆர்ல உத்தண்டி தாண்டி. ரெண்டு பைக், பின்னாடி ஏழெட்டுப் பசங்க. பந்தயப் பணம் ஐநூறு ரூபா. இவன்தான் அரை வண்டி முன்னால போயிட்டு இருந்தானாம். அவன் நண்பன் என்கிட்ட போன்ல அழுதுகிட்டே இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். "ஜெயிச்சுட்டாண்ணா, ஜெயிச்சுட்டான்." பக்கத்துச் சந்துல இருந்து மீன் கூடை கட்டின மொபெட்ல ஒரு பெரியவர் திரும்பினார்.

பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிஞ்சுது, பிழைச்சுட்டார். அவர் எந்தப் பந்தயத்துலயும் கலந்துக்கலை அண்ணாச்சி. வியாபாரத்துக்குக் கிளம்பினவர். இவன் அங்கேயே போயிட்டான். 20 வயசு.

அந்தப் பக்கம் ரெண்டு வாரம் தடுப்பு வச்சாங்க. பைக் பறிமுதல், பெற்றோருக்கு அறிவுரை, பத்திரிகையில 'இளைஞர்களின் விபரீத விளையாட்டு'. நீங்க சொல்ற மாதிரி சில பசங்களுக்கு முட்டியும் தட்டப்பட்டிருக்கும். மூணாவது வாரம் தடுப்பை எடுத்தாங்க. நாலாவது வாரம் பசங்க திரும்பி வந்தாங்க.

இதுல யாருகிட்டயும் நான் சொல்லாத ஒண்ணு இருக்கு. தங்கமணிக்கே போன மாசம்தான் சொன்னேன். சாகுறதுக்கு நாலு மாசம் முன்னாடி அவன் சாட்ல கேட்டான். "அண்ணா, இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ஓட்டணும்னா என்ன பண்ணணும்? எவ்வளவு ஆகும்?" நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "முதல்ல அரியரை க்ளியர் பண்ணுடா." அவ்வளவுதான். ஸ்மைலி வேற போட்டேன்.

அவன் ரோட்டைக் கேட்கலை. டிராக்கைத்தான் கேட்டான்.

பொறுக்கின்னு நீங்க எழுதின அன்னைக்கு எனக்கு ஏன் தூக்கம் வரலைன்னு இப்ப புரிஞ்சிருக்கும். போலீஸ் பிடிக்கக் கூடாதுன்னு நான் சொல்ல வரலை. பிடிக்கணும், அந்த மீன்கார பெரியவருக்காகவாவது பிடிக்கணும். ஆனா பிடிச்சு அடிக்கிறதோட வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறீங்களே, அதைத்தான் மறுக்கிறேன். இங்க போடாதேன்னு சொல்ற அதே வாய், வேற எங்க போகலாம்னும் சொல்லணும்.

இது என் சொந்தக் கற்பனை கிடையாது. டிராக் ரேஸ் பிறந்த கதையே இதுதான்.

போர் முடிஞ்சு திரும்பின பசங்க, மலிவு விலையில பழைய ஃபோர்டு வண்டிகள், தெற்குக் கலிஃபோர்னியாவோட அகலமான தெருக்கள். 1940-கள் முடியுறப்ப அங்கயும் ராத்திரி ரோட்டுல பந்தயம், விபத்து, பத்திரிகைக் கூச்சல், 'இவங்களைப் பிடிச்சு உள்ளே போடு'. அப்படியே நம்ம ஈசிஆர். 1950-ல சான்டா அனாவுல விமான நிலையத்து ஓடுதளத்துல காசு வாங்கிட்டு முறையா ஓட்ட விட்டாங்க. 1951-ல 'ஹாட் ராட்' பத்திரிகை ஆசிரியர் வாலி பார்க்ஸ் என்.எச்.ஆர்.ஏ. சங்கத்தை ஆரம்பிச்சார். ரோட்டுல ஓடுற பசங்களைத் தளத்துக்குக் கூட்டிட்டு வர்றதுதான் நோக்கம். 1953-ல அவங்களோட முதல் போட்டி பொமோனா கண்காட்சித் திடல் கார் நிறுத்துமிடத்துல. அதுக்குத் துணை நின்னது யாருன்னு நினைக்கிறீங்க? பொமோனா போலீஸ்!

பட் கூன்ஸ்னு ஒரு சார்ஜென்ட். 1954-ல அவரும் இன்னும் சிலரும் ஒரு ஸ்டேஷன் வேகன், பின்னாடி ஒரு டிரெய்லரோட நாடு பூரா சுத்தினாங்க. ஊர் ஊராப் போய், தளத்தை எப்படி அமைக்கிறது, வண்டியை எப்படிச் சோதிக்கிறது, கூட்டத்தை எவ்வளவு தள்ளி நிறுத்துறதுன்னு சொல்லிக் கொடுத்தாங்க. 'சேஃப்டி சஃபாரி'ன்னு பேரு. அண்ணாச்சி, அதுவும் ஒரு ரோடு ட்ரிப்தான். தலைமை தாங்கினது ஒரு போலீஸ்காரர். லத்தி எடுத்துட்டுப் போகலை, விதிப் புத்தகம் எடுத்துட்டுப் போனார்.

தளத்துல யாரும் சாகலையான்னு கேட்பீங்க. செத்திருக்காங்க. அதுக்கப்புறம் என்ன நடந்ததுங்கிறதுதான் வித்தியாசம். 1970-ல டான் கார்லிட்ஸ் ஓட்டின வண்டியில டிரான்ஸ்மிஷன் வெடிச்சு அவர் பாதத்துல ஒரு பகுதி போச்சு. படுக்கையில கிடந்தே யோசிச்சார், என்ஜினை ஆளுக்குப் பின்னாடி வச்சா என்ன? அடுத்த வருஷமே அப்படி ஒரு வண்டி கட்டி பொமோனாவுல ஜெயிச்சார். கொஞ்ச வருஷத்துல எல்லா டாப் ஃப்யூயல் வண்டியும் அப்படியே மாறிடுச்சு. 2008-ல நியூ ஜெர்சி இங்கிலிஷ்டவுன்ல ஸ்காட் கலிட்டா இறந்தார். சில நாள்லயே அந்த வேக வகைகளுக்குத் தூரத்தை 1,320 அடியில இருந்து 1,000 அடியாக் குறைச்சாங்க, நிக்கிறதுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கட்டும்னு. அரை நூற்றாண்டுப் பழக்கத்தை ஒரு சாவுக்காக மாத்தினாங்க.

என் தம்பி சாவுக்கு எந்த விதி மாறிச்சு? ரெண்டு வாரத் தடுப்பு. அதுவும் எடுத்தாச்சு.

"அமெரிக்காவுல இடம் இருக்கு, நம்ம ஊர்ல எங்க"ன்னு அடுத்து வரும், தெரியும். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல தொடங்கினது. பொமோனாவுல முதல் போட்டி நடந்த அதே வருஷம்! ஃபமோசோ மாதிரியே சோழவரமும் போர்க்காலத்து ஓடுதளம்தான். அங்க பந்தயம் பார்க்கப் போன கதையை அப்பா இன்னைக்கும் சொல்லுவார். 1990-ல இருந்து இருங்காட்டுக்கோட்டையில நிரந்தரத் தளம் இருக்கு. தேசிய டிராக் சாம்பியன்ஷிப்பே அங்க நடந்திருக்கு. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகள்ல தீவுத்திடலைச் சுத்தி 3.5 கிலோமீட்டர் தெருவை மறிச்சு, விளக்குப் போட்டு ஃபார்முலா 4 ஓட்டிக் காட்டினோம். அது வேணாம்னு நான் சொல்லலை, பார்க்க நல்லாத்தான் இருந்துது. ஆனா நகரத்து நடுவுல அவ்வளவும் செய்ய முடிஞ்ச ஊருக்கு, மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை 402 மீட்டர் நேர்ரோடு ஒதுக்க முடியாதா?

பெருசா ஒண்ணும் கேட்கலை. லைசென்ஸ், ஹெல்மெட், பிரேக்கும் டயரும் பார்க்க ஒரு மெக்கானிக், ரெண்டு பக்கமும் தடுப்பு, ஒரு ஆம்புலன்ஸ், அவனால கொடுக்க முடியிற ஒரு கட்டணம். அணி வேண்டாம், ஸ்பான்சர் வேண்டாம். கல்லூரிப் பையன் தன் 150 சிசியோட வந்து, தன் நேரம் இத்தனை நொடின்னு அச்சடிச்ச சீட்டை வாங்கிட்டுப் போகட்டும். அந்தச் சீட்டைப் பர்ஸ்ல வச்சுக்கிட்டு ஒரு வருஷம் அலட்டிக்குவான். அவனோட ஆசை முக்கால்வாசி அதுதான். எல்லாப் பையனும் வருவான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். கலிஃபோர்னியாவுலயே இன்னைக்கும் ராத்திரி ரோட்டுல விடுறவங்க இருக்காங்க, பிடிபட்டா வண்டி 30 நாள் பறிமுதல். ஆனா கேட்கிற பையனுக்காவது ஒரு பதில் இருக்கும். அரியரை க்ளியர் பண்ணுன்னு சொல்லி அனுப்ப வேண்டியிருக்காது.

என் பையனுக்கு 16 ஆச்சு, லைசென்ஸ் வாங்கிட்டான். ரெண்டு மாசம் முன்னாடி, ராத்திரி பதினொரு மணிக்கு எங்கயோ சந்திப்பை மறிச்சுக் கார் சுத்துறதைப் பார்க்கக் கூப்பிட்டாங்கன்னு வந்து சொன்னான். "போகலைப்பா, சும்மா சொன்னேன்"ன்னான். அப்பா கிட்ட வந்து சொல்ற வயசு இன்னும் எத்தனை நாளைக்குன்னு தெரியாது. பதினாறு பதினேழு வருஷமா பைக் சத்தம் கேட்டாலே டிவியை ஆஃப் பண்ற நான், அன்னைக்கு ராத்திரிதான் ஃபமோசோ டிக்கெட் விலை தேடினேன்.

இப்பவே போறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. இந்தத் தளங்களே ஒண்ணொண்ணா மூடுது. இங்கிலிஷ்டவுன்ல 2018-ல டிராக் ரேஸை நிறுத்தினாங்க. ஹூஸ்டன் 2022, டென்வர் பக்கத்து பேண்டிமியர் 2023. நிலத்து விலை, பக்கத்துல முளைக்கிற வீடுகள். 70 வருஷம் முன்னாடி ரோட்டுல இருந்து பிரிச்சு எடுத்த ஒரு விஷயத்தைத் திரும்ப ரோட்டுக்கே அனுப்பிடுவாங்களோன்னு இருக்கு.

நான் ட்ரெய்னிங்தான் குடுக்கப் போறேன் அண்ணாச்சி, ஒத்துக்கிறேன். மார்ச்ல வேடிக்கை. அப்புறம் சாதாரண வண்டிக்காரங்களுக்குத் தளத்தைத் திறந்து விடுற ஒரு நாள்ல, கேம்ரியோட அவன் வரிசையில நிப்பான். வயசு பத்தாததால பெத்தவங்க கையெழுத்து வேணும். நான் போடுவேன். 16 நொடி சொச்சம் வரும், சிரிப்பாங்க. சிரிக்கட்டும். அந்தத் தளத்துல எந்தச் சந்துல இருந்தும் மீன் கூடை வராது.

தங்கமணி ரொம்ப நாள் பிடி கொடுக்கலை. சித்தி குடும்பத்துல என்ன நினைப்பாங்கன்னு கவலை. போன ஞாயிறு நான் சாமான் பட்டியல் எழுதிட்டு இருக்கிறப்ப பக்கத்துல வந்து உட்கார்ந்தா.

"என்னங்க, அங்க ஆம்புலன்ஸ் எப்பவும் நிக்குமா?"

"நிக்கும். அது இல்லாம ஒரு வண்டியையும் விட மாட்டாங்க."

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் என் கையில இருந்த பேனாவை வாங்கி, காது அடைப்பான் '2'ன்னு எழுதியிருந்ததை '3' ஆக்கிட்டுப் போயிட்டா.

டிஸ்கி: ஐ-5ல கோலிங்கா பக்கம் மாட்டுப்பண்ணை வாசனை தாண்டின பிறகு எங்க நிறுத்திச் சாப்பிடலாம்? அந்தக் கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கு. அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க.